சாயம் ஏறிய கையோடு உளூ கூடுமா?

உளூ (தொழுகைக்கு முன் முகம், கை, கால் கழுவிச் சுத்தமாவது) பற்றித் திருப்பூரிலிருந்து ஒரு சகோதரர் எழுதிய கடிதத்தின் சுருக்கம்:

“அஸ்ஸலாமு அலைக்கும் ஹஜ்ரத். எட்டு வருசமா திருப்பூர்ல வேலை பார்க்கறனுங்க. மொதல் ரெண்டு வருசம் சாயப்பட்டறை, அப்புறம் ஆறு வருசமா பனியன் பிரிண்டிங். கையில கலர் போகவே போகாதுங்க. போன வருசம் பள்ளிவாசல்ல ஒருத்தர் எங்கையைப் பார்த்துட்டு, ‘இந்தக் கையோட உளூ கூடாது, தொழுகையும் கூடாது’ன்னு சொல்லிட்டாரு. கூட வேலை செய்யற பாய் ஒருத்தர், பேஸ்ட்டுல யூரியா கலக்கறாங்க, அது மூத்திரம், துணியெல்லாம் நஜீஸ்ங்கறாரு. கம்பெனி போர் தண்ணியும் லேசா கலரா, உப்பா இருக்குது. அதனால இப்பல்லாம் ஒன்றரை ஷிப்டு முடிஞ்சு ராத்திரி ஒம்பது மணிக்கு வீட்டுக்கு வந்து, கையைத் தேய்தேய்னு தேய்ச்சுக் குளிச்சுட்டு, மத்தியானத்துலிருந்து ராத்திரி வரைக்கும் உள்ள லுஹர், அஸர், மஃரிப், இஷா நாலையும் ஒண்ணாத் தொழுகறேன். ஆறு வருசத் தொழுகையையும் திருப்பித் தொழுது களாச் செய்யணுமாங்க? போன மாசம் எங்க லைன் வீட்டு டேங்குல எலி வேற செத்துக் கெடந்துச்சு.”

வ அலைக்கும் ஸலாம். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு. உங்கள் கையில் ஏறியிருக்கும் சாயம் உளூவைத் தடுக்காது. உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது கையின் நிறம் அல்ல. மூன்று வக்துத் (வேளைத்) தொழுகை நாள்தோறும் இரவு ஒன்பது மணிக்குத் தள்ளிப்போவதுதான். நல்ல எண்ணத்தில்தான் செய்கிறீர்கள், தெரிகிறது. ஆனால் உள்ளூரில் இருப்பவர் காரணமின்றி லுஹரையும் அஸரையும் வக்து தவறவிடுவது, கையில் ஒரு பொட்டுக் கலர் இருப்பதைவிடப் பல மடங்கு பெரிய விஷயம். அந்தப் பழக்கத்தை இன்றே நிறுத்தத்தான் இந்தப் பதிலை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

மூன்று வார்த்தைகள் நம் பேச்சில் ஒன்றாகக் கலந்துவிட்டன. அழுக்கு வேறு, நஜீஸ் வேறு, ஹதஸ் வேறு. அழுக்கு என்பது மண், கிரீஸ், சாயம், வியர்வை போன்றவை. கண்ணுக்குப் பிடிக்காது, ஆனால் மார்க்கத்தில் சுத்தமான பொருள்கள். நஜீஸ் என்பது மார்க்கம் பெயர் சொல்லி அசுத்தம் என்றவை: மூத்திரம், மலம், ஓடும் இரத்தம், சீழ், பன்றி போன்றவை. ஹதஸ் கண்ணுக்கே தெரியாத நிலை. உளூவோ குளிப்போ இல்லாதிருப்பது. மூத்திரம் பெய்து நன்றாகக் கழுவியவர் உடலில் நஜீஸ் இல்லை, ஆனால் ஹதஸ் இருக்கிறது. சட்டை முழுக்க நீலச் சாயம் தெறித்தவருக்கு அழுக்கு இருக்கிறது. நஜீஸும் இல்லை, அதனால் ஹதஸும் வராது. பள்ளியில் உங்கள் கையைப் பார்த்துச் சொன்னவர் அழுக்கைக் கண்டு நஜீஸ் என்று நினைத்தாரா, தண்ணீர் தோலில் படாது என்று நினைத்தாரா, தெரியவில்லை. சாயத்தைப் பொறுத்தவரை இரண்டுமே சரியல்ல.

உளூவில் மார்க்கம் கேட்பது ஒன்றுதான்: கழுவ வேண்டிய இடத்தின் தோலில் தண்ணீர் பட்டு ஓட வேண்டும். ஒரு மனிதர் காலில் நகத்தளவு இடம் நனையாமல் விட்டதைப் பார்த்த நபி (ஸல்) அவர்கள், திரும்பிப் போய் நன்றாக உளூச் செய்யும்படி சொன்னார்கள். நகத்தளவு என்றாலும் விடக்கூடாது என்பது அதிலிருந்து தெரிகிறது. ஆகவே, கையில் என்ன நிறம் இருக்கிறது என்று பார்க்க வேண்டாம். தோலுக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு படலம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

இந்த இடத்தில் நீங்கள் பார்த்த இரண்டு வேலைகளும் பிரிகின்றன.

பருத்திப் பனியனுக்குச் சாயப்பட்டறையில் பெரும்பாலும் ரியாக்டிவ் சாயம்தான் போடுகிறார்கள். உப்பும் சோடா ஆஷும் சேர்ந்த தண்ணீரில் அது நூலோடு வேதியியல் முறையில் பிணைந்துவிடும். தோலின் மேலடுக்கிலும் அதே போலப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் சோப்புக்கு அசைவதில்லை. அந்த மேல்தோல் நாளடைவில் உதிரும்போதுதான் போகும். அது தோலுக்கு மேல் பூசிய பொருள் அல்ல, தோலுக்குள் ஏறிய நிறம். மருதாணி போலத்தான். மருதாணி சிவந்த கையோடு உளூ கூடுமா என்று யாரும் கேட்பதில்லை. இதற்கும் அதே சட்டம். ஹனஃபி, ஷாஃபி இரண்டு மத்ஹபிலும் (மார்க்கச் சட்ட வழிகளிலும்) வெறும் நிறம் தடையல்ல. ஆகவே சாயப்பட்டறையில் இருந்த இரண்டு வருடத்துக்கு ஒரு ரக்அத் (தொழுகையின் ஒரு சுற்று) கூடத் திரும்பத் தொழ வேண்டியதில்லை.

கையை வெளுக்கச் சில பேர் ஹைட்ரோஸிலும் பிளீச்சிங் பவுடரிலும் முக்குகிறார்களே, அதை மார்க்கத்தின் பெயரால் செய்ய வேண்டாம். தோல் வெடித்துப் புண்ணாகும். பிளீச்சிங்கோடு ஆசிட் பட்டால் குளோரின் வாயு கிளம்பும், அது நுரையீரலைப் பிடிக்கும். மார்க்கம் கேட்காத ஒன்றுக்காக உடம்பைக் கெடுத்துக்கொள்வது கூடாத காரியம்.

பிரிண்டிங் அப்படியல்ல, அங்கே கவனம் தேவை. பிக்மெண்ட் பேஸ்ட்டில் நிறப்பொடி தனியாகத் துணியில் ஒட்டாது; பைண்டர் என்ற பசைதான் அதைப் பிடித்து வைக்கிறது. அந்தப் பைண்டர் காய்ந்தால் மெல்லிய பிளாஸ்டிக் தோலாக மாறுகிறது. துணியில் அது வேண்டும். கையில் காய்ந்தால் அதுதான் தண்ணீரைத் தடுக்கும் படலம். ரப்பர் பிரிண்ட், பஃப் பிரிண்ட் பேஸ்ட் இன்னும் கனமானவை. ஸ்கிரீனுக்குப் பூசும் எமல்ஷன், டேபிளில் துணி நகராமல் இருக்கப் பூசும் கம், பெயிண்ட், வார்னிஷ், நகப்பூச்சு எல்லாம் இதே வகை. பிளாஸ்டிசால் மட்டும் கொஞ்சம் மாறுபடும். சுமார் 150 டிகிரிச் சூடு காட்டாமல் அது காயாது. கையில் பிசுபிசுப்பாகவே இருக்கும். காயாவிட்டாலும் அது ஒரு அடுக்குதான், துடைத்தாக வேண்டும்.

படலமா நிறமா என்று கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம் வேண்டாம். கறை இருக்கும் இடத்தை நகத்தால் சுரண்டுங்கள். தோல் மாதிரி உரிந்து வந்தாலோ தூளாக உதிர்ந்தாலோ அது படலம். எதுவும் வராமல் தோல் மட்டும் சிவந்தால் அது நிறம். விரல் நுனியால் தடவிப் பார்த்தாலும் படலத்தின் ஓரம் மேடாகத் தட்டுப்படும். தண்ணீர் முத்து முத்தாக உருளுகிறதா என்று பார்க்கும் சோதனையை நம்ப வேண்டாம். தேங்காய் எண்ணெய் தடவிய கையிலும் அப்படித்தான் உருளும், ஆனால் எண்ணெய் உளூவைத் தடுக்காது.

பேஸ்ட் வேலையில் இருப்பவர்கள் உளூ நேரத்தில் போராடுவதைவிடக் காலையிலேயே தயாராவது சுலபம். நகங்களை ஒட்ட வெட்டுங்கள். வேலை தொடங்கும் முன் பத்து விரல் நகங்களாலும் ஒரு சோப்புக் கட்டியை அழுத்திக் கீறுங்கள். நக இடுக்கில் சோப்பு ஏறிக்கொண்டால் பேஸ்ட்டுக்கு அங்கே இடமிருக்காது, கழுவும்போது சோப்போடு வெளியேறிவிடும். கை முதல் முழங்கை வரை தேங்காய் எண்ணெயை மெல்லிசாகத் தடவிக்கொண்டால் பைண்டர் தோலைக் கவ்வாது. வேலைக்கு நடுவில் தெறித்தால் உடனே ஈரத் துணியால் துடையுங்கள். ஈரமாக இருக்கும் பிக்மெண்ட் பேஸ்ட் தண்ணீரில் கரையும், காய்ந்தபின் கரையாது; எல்லாச் சிரமமும் அந்த இடைவெளியில்தான் பிறக்கிறது.

லுஹருக்கு எழும்போது பத்து நிமிடம் ஒதுக்குங்கள். காய்ந்த பேஸ்ட் மேல் எண்ணெய் தேய்த்து இரண்டு நிமிடம் ஊறவிட்டு, சோப்பும் பீர்க்கங்காய் நாரும் போட்டுத் தேய்த்தால் பெரும்பாலும் தோலாக உரிந்துவிடும். பிளாஸ்டிசால் என்றால் முதலில் தண்ணீர் ஊற்றாதீர்கள். அது தண்ணீரோடு சேராது, கை முழுக்கப் பரவும். காய்ந்த பனியன் வேஸ்ட்டால் வழித்துத் துடைத்து, பிறகு எண்ணெய், கடைசியில் சோப்பு. மண்ணெண்ணெயும் தின்னரும் தோலை வறட்டும், நாற்றமும் போகாது. பூண்டு, வெங்காயம் சாப்பிட்ட வாடையோடு பள்ளிக்கு வர வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால், தின்னர் வாடையோடு ஸஃப்பில் (தொழுகை வரிசையில்) நிற்பதும் பக்கத்தில் இருப்பவருக்கு வேதனைதான்.

பிறகு உளூ. ஹனஃபியில் ஃபர்ளு (கட்டாயக் கடமை) நான்கு: முகம் முழுதும் கழுவுவது, இரு கைகளை முழங்கை உட்பட, தலையில் கால் பகுதிக்கு மஸஹ் (ஈரக்கையால் தடவுவது), இரு கால்களைக் கரண்டை உட்பட. டேபிளின் குறுக்கே எட்டி ஸ்கிரீன் போடுகிறவர்களுக்குப் பேஸ்ட் எப்போதும் ஒட்டுவது மூன்று இடங்களில்: முழங்கை எலும்பின் அடியில், கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில், செருப்புப் போட்ட காலின் மேல்புறம். முதல் இரண்டை எல்லாரும் பார்ப்பார்கள்; காலை யாரும் பார்ப்பதில்லை. குனிந்து பாருங்கள். தலைமுடியில் ஒட்டிய பேஸ்ட்டுக்கு உளூவில் கவலைப்பட வேண்டாம், மீதித் தலையில் கால் பகுதிக்கு மஸஹ் கிடைத்துவிடும். கடமையான குளிப்பில் மட்டும் அதையும் எடுக்க வேண்டும்; அங்கே வாய் கொப்பளிப்பது, மூக்குக்குத் தண்ணீர் செலுத்துவது, முடி உட்பட உடல் முழுதும் நனைப்பது மூன்றும் ஹனஃபியில் ஃபர்ளு.

இவ்வளவு செய்தும் நக இடுக்கில் ஒரு கோடு, தோல் வெடிப்பில் ஒரு புள்ளி போகாமல் நிற்கும். அதைக் கத்தியால் கீறி எடுக்க வேண்டியதில்லை. நம்மைப் போலவே இந்தக் கேள்வியைச் சாயத் தொழிலாளிகள் முந்நூறு வருடத்துக்கு முன்பே கேட்டிருக்கிறார்கள். அவுரங்கசீப் ஆட்சிக் காலத்தில் ஆலிம்கள் (மார்க்க அறிஞர்கள்) கூடித் தொகுத்த ஃபதாவா ஆலம்கீரி என்ற சட்ட நூலில், தோல் வேலை செய்பவர், சாயம் போடுபவர் ஆகியோரின் நகத்தில் இருப்பதைப் பற்றிப் பெயர் சொல்லியே பேசுகிறார்கள். அது குளிப்பைத் தடுக்கும் என்று ஒரு கருத்து. தொழிலின் சிரமத்தை முன்னிட்டு அது செல்லும், நிர்ப்பந்தமான இடங்களுக்குப் பொதுச் சட்டத்திலிருந்து விலக்கு உண்டு என்று இன்னொரு கருத்து. என் ஆலோசனை: எடுக்க முடிந்ததை எடுங்கள், முயன்றும் வராததன் மேல் தண்ணீரை ஓட்டிவிட்டுத் தொழுங்கள். சோம்பலில் விட்ட கட்டியான பேஸ்ட்டுக்கு இந்தச் சலுகை இல்லை.

தொழுத பிறகு கையில் காய்ந்த பேஸ்ட்டைப் பார்த்தால் என்ன செய்வது? அது உளூவுக்கு முன்பே ஒட்டியது என்று உறுதியாகத் தெரிந்தால், ஹனஃபியில் முழு உளூவையும் திரும்பச் செய்ய வேண்டாம். அந்த இடத்தை உரித்து அங்கு மட்டும் தண்ணீர் விட்டு, அந்தத் தொழுகையைத் திரும்பத் தொழுதால் போதும். ஷாஃபியில் வரிசை ஃபர்ளு என்பதால், கையில் அந்த இடத்தைக் கழுவியபின் தலைக்கு மஸஹும் காலும் மீண்டும் செய்ய வேண்டும். எப்போது ஒட்டியது என்று தெரியாவிட்டால்? ஒன்றே காலுக்குத் தொழுதீர்கள், மறுபடி டேபிளில் நின்றீர்கள், மூன்று மணிக்குப் பார்க்கிறீர்கள் என்றால், அது கடைசியாக வேலை செய்த நேரத்தில் ஒட்டியது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். தொழுகை செல்லும். சந்தேகத்தை வைத்து உறுதியை முறிக்கக் கூடாது என்பது ஃபிக்ஹில் (மார்க்கச் சட்டத்தில்) அடிப்படை விதி. இந்த விதியை விட்டவர்கள்தான் வஸ்வாஸில் (ஓயாத சந்தேகத்தில்) விழுந்து, ஒரு உளூவுக்கு அரை மணி நேரம் குழாயடியில் நிற்கிறார்கள்.

யூரியா விஷயத்துக்கு வருகிறேன். பிரிண்டிங் பேஸ்ட்டில் ஈரம் காயாமல் இருக்க யூரியா சேர்ப்பது உண்மை. அது மூத்திரத்திலும் இருக்கும் ஒரு பொருள் என்பதும் உண்மை. ஆனால் மூட்டையில் வரும் யூரியா அம்மோனியாவையும் கரியமில வாயுவையும் அழுத்தத்தில் சேர்த்து ஆலையில் செய்வது. வயலுக்குப் போடுவதும் அதேதான். உயிர் சம்பந்தப்படாமல் யூரியாவைச் செய்ய முடியும் என்று ஜெர்மானிய வேதியியலாளர் ஃபிரீட்ரிக் வோலர் 1828-லேயே காட்டிவிட்டார். பெயர் ஒன்றாக இருப்பதால் நஜீஸ் ஆகிவிடாது. பேஸ்ட்டைக் கெட்டியாக்கும் ஆல்ஜினேட் கடற்பாசியிலிருந்து வருவது, கொத்தவரை வகைக் கம் செடியிலிருந்து வருவது. உங்கள் சட்டையில் தெறித்த பேஸ்ட் நஜீஸ் அல்ல, அந்தச் சட்டையோடு தொழலாம். ஈரப் பேஸ்ட் பள்ளியின் பாயிலும் அடுத்தவர் வேட்டியிலும் ஒட்டுமே என்ற மரியாதைக்காக, ஒரு சுத்தச் சட்டையைப் பையில் போட்டு வையுங்கள்.

இரத்தம் வேறு. ஸ்குவீஜி பிளேடிலோ கட்டிங் மெஷினிலோ கை கிழிந்து இரத்தம் காயத்தைத் தாண்டி ஓடினால் ஹனஃபியில் உளூ முறியும், ஷாஃபியில் முறியாது. துணியில் ஒரு திர்ஹம் அளவுக்கு, அதாவது உள்ளங்கைக் குழியின் அகலத்துக்கு, மேல் பட்டால் ஹனஃபியில் கழுவாமல் தொழக்கூடாது. அதற்குக் குறைந்தால் தொழுகை செல்லும், கழுவுவது நல்லது. காயத்துக்குக் கட்டுப் போட்டு, தண்ணீர் பட்டால் கெடும் என்று இருந்தால் மற்ற இடத்தைக் கழுவிவிட்டுக் கட்டின் மேல் ஈரக்கையால் தடவுங்கள். கெமிக்கல் பட்டுக் கை வெடித்துச் சீழ் வைத்திருந்தால் முதலில் மருத்துவரைப் பாருங்கள். தண்ணீரும் கூடாது, தடவுவதும் கூடாது என்று அவர் சொன்னால் அந்த இடத்தை விட்டுவிடலாம். ஷாஃபிகளுக்கு இதோடு தயம்மும் (தண்ணீருக்குப் பதில் சுத்தமான மண்ணால் தடவுவது) சேரும், கட்டைச் சுத்தத்தோடு போட வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. அவர்கள் தங்கள் மத்ஹபு ஆலிமிடம் காயத்தைக் காட்டிக் கேட்பது நல்லது.

கையுறை மேல் மஸஹ் செய்ய முடியாது, கழற்றியே ஆக வேண்டும். சாயப்பட்டறையில் போடும் கம்பூட்ஸ் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அங்கே வேலை செய்யும் பலர் கேட்கிறார்கள். கரண்டையை மூடி, தண்ணீர் புகாமல், போட்டுக்கொண்டு நடக்க முடிகிற காலுறை மேல், உளூவோடு போட்டிருந்தால் ஊரில் இருப்பவர் ஒரு நாள் ஓர் இரவு மஸஹ் செய்யலாம் என்பது சட்டம். ஆனால் கழற்றிய உடனே அந்த மஸஹ் முறிந்து கால் கழுவ வேண்டியதாகிவிடும். தொழுகைக்காகக் கம்பூட்ஸைக் கழற்றத்தானே போகிறீர்கள்? ஆகவே கழற்றிக் கால் கழுவிவிடுங்கள், கணக்கு எளிது.

இனித் தண்ணீர். திருப்பூரில் தண்ணீரைப் பற்றிக் கேட்பது நியாயமான கேள்வி. நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு கலந்து, 1992-ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கீழே உள்ள விவசாயிகளின் கிணறு கெட்டதும், 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் ஊரறிந்த சங்கதி. அந்த உப்பு இன்றும் பல இடத்தில் நிலத்தடியில் இருக்கிறது. உப்பு உளூவைக் கெடுக்காது. கடல் தண்ணீரைப் பற்றிக் கேட்டபோது, அதன் தண்ணீர் சுத்தம் செய்யக்கூடியது என்று நபி (ஸல்) அவர்கள் சொல்லிவிட்டார்கள். உங்கள் போர் எவ்வளவு உப்பாக இருந்தாலும் கடலைவிட உப்பாக இருக்காது.

நிறம்தான் யோசிக்க வேண்டியது. சாயம் சுத்தமான பொருள், அது கலந்ததால் தண்ணீர் நஜீஸ் ஆகாது. ஆனால் சுத்தமாக இருப்பது வேறு, சுத்தம் செய்வது வேறு. டீ சுத்தமானது, டீயில் உளூ கூடாது. ஹனஃபி ஃபிக்ஹில் குங்குமப்பூ கலந்த தண்ணீரைப் பற்றி ஓர் அளவுகோல் சொல்கிறார்கள்: அதில் துணிக்குச் சாயம் ஏற்றலாம் என்ற அளவுக்கு நிறம் வந்துவிட்டால் அது வெறும் தண்ணீர் என்ற பெயரை இழந்துவிடுகிறது, லேசான நிறம் மட்டும் என்றால் உளூ கூடும். சாயக்காரர்களுக்கென்றே சொன்னது போல் இருக்கிறது. ஒரு வெள்ளைப் பனியன் துண்டை அந்தத் தண்ணீரில் முக்கிப் பிழிந்து காய வையுங்கள். வெள்ளையாகவே காய்ந்தால் தயங்காமல் உளூச் செய்யுங்கள். நிறம் ஏறிக் காய்ந்தால் அந்தத் தண்ணீரை விட்டுவிடுங்கள். ஷாஃபியில் இன்னும் இறுக்கம்: கலந்த பொருளால் நிறம், சுவை, வாடை பார்த்தவுடன் தெரியும்படி மாறினாலே உளூவுக்கு ஆகாது, மண், பாசி, நிலத்து உப்பு ஆகியவற்றால் வரும் மாற்றத்துக்கு மட்டும் விலக்கு. பாலக்காட்டுப் பக்கமிருந்தும் கடற்கரை ஊர்களிலிருந்தும் வந்து கோவை, பொள்ளாச்சி, திருப்பூரில் வேலை பார்க்கும் ஷாஃபிகள் இதைக் கவனிக்கட்டும். சாக்கடை கலந்து நாறும் ஆற்றுத் தண்ணீர், ஓடினாலும் இரு மத்ஹபிலும் நஜீஸ்தான்.

குழப்பமே வேண்டாம் என்றால் வீட்டிலிருந்து இரண்டு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் கொண்டு போங்கள். கையை வெளுக்கச் சோப்புக்குக் கம்பெனி போர் தண்ணீர், கடைசி உளூவுக்கு மட்டும் பாட்டில். நபி (ஸல்) அவர்கள் ஒரு ‘முத்து’ (அந்தக் கால முகத்தல் அளவு) தண்ணீரில் உளூச் செய்திருக்கிறார்கள்; மத்ஹபுக்கு மத்ஹபு கணக்கு மாறினாலும் அது சுமார் ஒரு லிட்டருக்குள்தான். குழாயைத் திறந்துவிட்டு உளூச் செய்து பழகிய நமக்கு ஒரு லிட்டர் போதாது என்று தோன்றும். மூக்குள்ள சொம்பில் ஊற்றிச் செய்து பாருங்கள், மிச்சம் வரும். ஊருக்குள் குழாயில் தண்ணீர் வரவில்லை என்பதற்காகத் தயம்மும் செய்யக் கூடாது. கேன் தண்ணீர் வழக்கமான விலைக்குக் கிடைக்கும்வரை அதற்கு இடமில்லை.

லைன் வீட்டு டேங்க். எலிக்கு ஓடும் இரத்தம் உண்டு, ஆகவே சின்டெக்ஸ் மாதிரிச் சிறிய தேக்கத்தில் செத்தால் ஹனஃபியில் தண்ணீர் முழுதும் நஜீஸ். பள்ளி ஹவுள் (உளூச் செய்யும் தொட்டி) போல நீளமும் அகலமும் பத்து முழம் இருந்தால்தான் அது பெரிய தண்ணீர். ஷாஃபியில் இரண்டு குல்லத், சுமார் 190 முதல் 216 லிட்டர் வரை கணக்கிடுகிறார்கள். அதற்கு மேல் இருந்து நிறம், சுவை, வாடை மாறாவிட்டால் சுத்தம்தான். 500 லிட்டர் டேங்க் ஒரே எலியால் ஹனஃபி வீட்டில் நஜீஸாகவும் ஷாஃபி வீட்டில் சுத்தமாகவும் இருப்பது இதனால்தான். அவரவர் மத்ஹபைப் பின்பற்றுங்கள், சண்டை வேண்டாம். கரப்பான், கொசு, எறும்பு போன்றவற்றுக்கு ஓடும் இரத்தம் இல்லை. அவை விழுந்து செத்தால் எடுத்து எறிந்தால் போதும்.

கிணற்றில் எலி செத்தால் 20 வாளி இறைத்தால் போதும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது கிணற்றுக்கு மட்டுமே உள்ள சட்டம், ஊறிப் பெருத்துவிட்டால் அங்கேயும் முழுதும் இறைக்க வேண்டும். டேங்குக்கு அதைப் பொருத்தாதீர்கள். எலியையும் முடி, தோல் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, டேங்கைக் காலி செய்து, அடியையும் சுவரையும் மூன்று முறை கழுவி ஊற்றுங்கள். அந்தத் தண்ணீர் போன குழாயிலும் புதுத் தண்ணீரை ஓடவிடுங்கள். காலி செய்ய வழியில்லை என்றால், எலியை எடுத்தபின் மோட்டாரைப் போட்டு மேலே வழியும் குழாயைத் திறந்துவிட்டால், ஒரு பக்கம் நல்ல தண்ணீர் வந்து மறு பக்கம் வெளியேறும்போது அது ஓடும் தண்ணீரின் சட்டத்துக்கு வந்து சுத்தமாகிவிடும் என்று ஹனஃபி ஃபிக்ஹில் இருக்கிறது. வாடை போகும்வரை ஓடவிட வேண்டும். நோய்க் கிருமியை நினைத்தால் காலி செய்து கழுவுவதே மேல்.

எலி எப்போது விழுந்தது என்று தெரியாதே, அதற்கு முன் தொழுத தொழுகை? இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களிடம், ஊதாமல் இருந்தால் ஒரு நாள் ஓர் இரவுத் தொழுகையையும், ஊதியிருந்தால் மூன்று நாள் மூன்று இரவுத் தொழுகையையும் திரும்பத் தொழ வேண்டும். அவர்களின் மாணவர்கள் அபூயூசுஃப், முஹம்மது இருவரிடமும், பார்த்த நேரத்திலிருந்துதான் நஜீஸ். முந்திய தொழுகை செல்லும். பேணுதலுக்கு முதலாவது, சிரமத்துக்கு இரண்டாவது. நீங்கள் ஒரே நாள் தொழுகை என்றால் திரும்பத் தொழுதுவிடுங்கள், மனது நிற்கும்.

ஆறு வருடக் களாவைக் கடைசிக்கு வைத்தேன். எந்த நாளில் எந்த விரலில் படலம் இருந்தது என்று உங்களால் உறுதியாகச் சொல்ல முடியாது. சட்டம் தெரியாமல், நல்ல எண்ணத்தில் கழுவித்தான் தொழுதிருக்கிறீர்கள். தொழிலாளியின் சிரமத்துக்கு ஃபிக்ஹில் இடமும் இருக்கிறது. இந்த மூன்றையும் சேர்த்து, ஆறு வருடத்தையும் திரும்பத் தொழச் சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை. கட்டியான பேஸ்ட்டோடு தொழுதேன் என்று இன்ன நாள் இன்ன வக்து தெளிவாக நினைவுள்ள தொழுகை இருந்தால் அதை மட்டும் களாச் செய்யுங்கள். ஒரு வருடமாக இரவில் சேர்த்துத் தொழுதவை களாவாக நிறைவேறிவிட்டன, திரும்ப வேண்டாம். தாமதித்ததற்கு மட்டும் அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டுத் தவ்பாச் செய்யுங்கள்.

நாளைக்கு ஒன்றரை ஷிப்டில் செய்ய வேண்டியது இது. திருப்பூரில் லுஹர் வக்து பன்னிரண்டரையை ஒட்டி நுழைகிறது, ஹனஃபி கணக்கில் மாலை 4.15 தாண்டியும் இருக்கிறது. மதியச் சாப்பாட்டு இடைவேளையில் சாப்பாட்டுக்கு முன் உளூச் செய்துவிட்டால் சாப்பாட்டுக்கும் கை சுத்தம். அஸருக்கு மாலை டீ நேரம். அந்த உளூவை முறிக்காமல் வைத்திருந்தால் மஃரிபுக்குப் புது உளூ தேவையில்லை. இடையில் பேஸ்ட் ஒட்டினாலும் கவலை வேண்டாம். உளூவுக்குப் பின் ஒட்டிய பேஸ்ட் உளூவை முறிக்காது, அது சுத்தமான பொருள், அப்படியே மூன்று ரக்அத் தொழலாம். மஃரிபுக்கு ஐந்து நிமிடம் கேட்டால் பெரும்பாலான மேஸ்திரிகள் மறுக்க மாட்டார்கள். மற்றவர்கள் டீக்குப் போகும் நேரத்தில் நீங்கள் டேபிளைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிக் கேளுங்கள். பள்ளிக்கும் போங்கள். கையைப் பற்றி மறுபடி யாராவது கேட்டால், நகத்தால் சுரண்டிக் காட்டுங்கள்.